முகமூடிக்கு நாம் எழுதிய தீர்ப்பு

நோலனின் பேட்மேன் படம் ‘தி டார்க் நைட் ரைசஸ்’ வந்து ஆறு வாரத்தில், 2012 ஆகஸ்ட் 31 அன்று, ஜீவா நடித்த மிஷ்கினின் சூப்பர் ஹீரோ படம் ‘முகமூடி’ வெளியானது. எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்துப் பையன்கள் இடைவேளையிலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரு கட்சிக்கு அந்த இருட்டும் குங்ஃபூவுமே போதும். மற்றதோ, “பேட்மேன் எங்கே, ஜீவா எங்கே” என்று டீக்கடை வரை கத்தியது.

அந்த ஒப்பீடு அநியாயம். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளைக் குறிவைக்கும் முகமூடிக் கொள்ளையர்தான் கதை. எங்கள் பக்கத்துச் செம்பாக்கம், சேலையூர் தெருக்களுக்குள் நடந்து பாருங்கள்: பிள்ளைகள் அமெரிக்காவில், பென்ஷன்காரத் தம்பதி இருட்டுவதற்குள் கிரில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். நம்முடைய அந்தப் பயத்தைத்தான் மிஷ்கின் படமாக்கினார். பறக்கிற சக்தியும் பணபலமும் இல்லாத, அப்பாவிடம் திட்டு வாங்குகிற ஒரு நாயகனையும் தந்தார். இரண்டாம் பாதி தொய்ந்தது, கிளைமாக்ஸ் ஏமாற்றியது. இவை நியாயமான புகார்கள்தான். ஆனால் பெரும்பாலான வசவு இவற்றைப் பற்றியதாகவே இல்லை. ‘கங்குவா’ படத்துக்கும் 2024இல் அதே அவசரத்தில்தான் தீர்ப்பு எழுதினோம்.

பிடிக்காத படத்தைத் தாராளமாகத் திட்டுங்கள், தம்பிகளே. முழுதாகப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.