நீர் சென்ற வழி

நீர் ஓடி மறையும். அது சென்ற வழி எளிதில் மறையாது. இவ்வுண்மைக்குப் பெருஞ்சான்று செவ்வாய்க் கோளில் உள்ளது.

1971-ஆம் ஆண்டில் மாரினர்-9 என்னும் அமெரிக்க விண்கலம் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிற்று. அது அனுப்பிய படங்களில், வறண்ட நிலத்தினிடையே நூற்றுக்கணக்கான மைல் நீளமுள்ள பள்ளத்தாக்குகள் தோன்றின. அவற்றின் நடுவே கண்ணீர்த்துளி வடிவில் மேடுகள் இருந்தன. தடையை எதிர்ப்பட்ட வெள்ளம் இரு பிரிவாய் ஓடும்போது அத்தகைய மேடுகள் அமைதல் இயல்பு. 1997-இல் அங்கு ஒரு பள்ளத்தாக்கின் முகத்தில் இறங்கிய பாத்பைண்டர் கலம், வெள்ளம் உருட்டி வந்த பாறைகள் ஒரே திசையில் சாய்ந்து கிடத்தலைக் கண்டது. முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே பெருவெள்ளங்கள் அந்நிலத்தை அரித்தன என்பர் அறிஞர். இன்று அங்கு ஆறில்லை. ஆற்றின் சுவடு உண்டு.

நம் நாட்டு மங்கள்யானும் 2014-இல் செவ்வாயை அடைந்து படம் எடுத்தது. அத்துணைத் தொலைவிலுள்ள சுவட்டைக் காணவல்ல நாம், நம் காலடியிலுள்ள சுவட்டைக் காண்கிறோமா?

திருவண்ணாமலையை நோக்குக. மலைச்சரிவெங்கும் மழைநீர் அரித்த ஓடைகள் உள்ளன. முன்னோர் அவற்றின் போக்கறிந்து அடிவாரத்தில் குளங்கள் அமைத்தனர். பின்வந்தோரோ, வறண்ட ஓடையை வெற்றிடம் என எண்ணினர். சரிவிலும் வீடுகள் பெருகின. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள், ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலைச்சரிவு இளகியது. மண்ணும் பாறையும் வீட்டின்மேல் வீழ்ந்தன. எழுவர் மாண்டனர், அவருள் ஐவர் சிறார்.

அங்குக் குடியேறியோரைக் குறை கூறுதல் எளிது. ஆயின், வேறிடம் வாங்க இயலாத ஏழை எங்கே செல்வான்? அவனுக்குப் பாதுகாப்பான நிலம் அளித்தல் சமுதாயத்தின் கடன். ஓடைகளை அளந்து குறித்தலும், அவற்றைத் தூர்க்காமல் காத்தலும் ஊரின் கடன். குப்பை கொட்டி நீர்வழியை அடைக்காதிருத்தல் நம் ஒவ்வொருவர் கடன்.

"ஆண்டில் பல திங்கள் வறண்டு கிடக்கும் ஓடையால் யாது பயன்?" எனச் சிலர் வினவலாம். வறட்சி ஓடையின் உறக்கமே அன்றி இறப்பு அன்று. செவ்வாயில் காற்று மிக மெலிந்துவிட்டது; அங்கு இன்று ஆறு பெருகி ஓட வழியில்லை. இங்கோ ஐப்பசியும் கார்த்திகையும் ஆண்டுதோறும் வரும். அவற்றோடு நீரும் தன் பழைய வழியைத் தேடி வரும். அவ்வழியை விட்டு விலகி வாழ்தலே அறிவுடைமை.