கொச்சி யூதரின் தனிக் கோயில்

ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் "நாங்களும் உள்ளே வருவோம்" என்று கேட்கும்போதெல்லாம் மேல்ஜாதிக்காரர் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கின்றார்கள். "உங்களுக்கென்று தனியாக ஒன்று கட்டிக்கொள்ளுங்களேன், நாங்களும் நன்கொடை தருகின்றோம்" என்பதே அது. எடப்பாடிப் பக்கத்தாருக்கும் இது புதிதல்ல. மிகத் தாராளம் போலக் காணும் இப்பேச்சின் யோக்கியதையை அறிய, கொச்சி யூதர்களின் சங்கதியைத் தோழர்கள் கவனிக்க வேண்டுகின்றோம்.

கொச்சி யூதருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தறியில் இருக்கும் தோழர் கேட்கலாம். சம்பந்தம் ஜாதிதான். யூதர் வேதத்தில் முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற கதை கிடையாது. ஆயினும் என்ன? ஸ்பெயின், போர்ச்சுகல் முதலிய தேசங்களிலிருந்து துரத்தப்பட்டு, ஓட ஓட விரட்டப்பட்டு வந்தவர்கள், கொச்சி ராஜா தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே கொடுத்த நிலத்தில் 1568ல் மட்டாஞ்சேரியில் பரதேசி ஜெபாலயம் கட்டினார்கள். கட்டியவர்கள் தங்களை வெள்ளை யூதர் என்றார்கள். அவர்களுக்கு வெகு காலம் முன்பே மலையாளத்தில் வாழ்ந்து, தமக்கென்று பல ஜெபாலயங்கள் வைத்திருந்த யூதரைக் கறுப்பு யூதர் என்றார்கள். தங்கள் வீட்டு அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரையும், அவர்தம் சந்ததியாரையும் "மெசுக்ராரிம்", அதாவது விடுவிக்கப்பட்டோர் என்றார்கள். தகப்பன் விடுதலை பெற்றான், சரி. பிள்ளையும் பேரனும் என்றைக்கு விடுதலை பெறுவது?

இவர்களும் அதே ஜெபாலயத்துக்குத்தான் போனார்கள். ஆனால் முன்கட்டில், தரையில் உட்கார வேண்டும். வேதத்தை எடுத்து வாசிக்கக் கூடாது. பெண் கொள்வதும் கொடுப்பதும் கிடையாது. செத்தால் புதைகுழியும் வேறு.

இது சரிதானா என்று அவர்கள் தங்கள் மதகுருமாரையே கேட்டார்கள். சுமார் 1520லேயே கெய்ரோவிலிருந்த டேவிட் இப்னு சிம்ரா என்ற பெரிய குரு, முறைப்படி முழுக்காடி மதத்தில் சேர்ந்தவன் யூதனே, அவனோடு கலியாணம் செய்யலாம் என்று தீர்ப்பெழுதினார். 1882ல் ஜெருசலேம் குருவிடமிருந்தும் இதே மாதிரி தீர்ப்பு வந்தது. வேதம் சரியென்றது, குருவும் சரியென்றார், வெள்ளை யூதர் மட்டும் சரியென்று சொல்லவில்லை. பின் அந்த ஜாதிக்கு ஆதாரம் எது? அண்டை அயல் கோயில்களில் பார்த்துப் படித்த பாடத்தைத் தவிர வேறென்ன?

நிற்க, 1840களில் ஆவோ என்பவர் தலைமையில் விடுவிக்கப்பட்டோர் சிலர் இதைப் பொறுக்க மாட்டாமல் வெளியேறினார்கள். ராஜாவின் எல்லையை விட்டு, வெள்ளைக்காரர் ஆட்சியிலிருந்த கோட்டைக் கொச்சிக்குப் போய்த் தங்களுக்கென்று ஒரு புதிய ஜெபாலயம் ஏற்படுத்தினார்கள். அவர்கள் ரோஷத்தை நாம் மெச்சுகின்றோம். ஆனால் நடந்தது என்ன? கொள்ளைநோய் வந்தது, பலர் மாண்டனர், மிஞ்சியவர்கள் பழைய இடத்துக்கே, பழைய தரைக்கே திரும்பி வந்தார்கள். யூதர் வழக்கப்படி முழு வழிபாட்டுக்கே பத்து ஆண்கள் கூட வேண்டும். சிறு கூட்டம், அதிலும் ஏழைகள், எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள்? இவர்கள் வெளியே போயிருந்த நாளெல்லாம் பழைய ஜெபாலயத்தின் விதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பூட்டு வைத்திருந்தவனுக்குத் தொல்லை விட்டது, அவ்வளவுதான்.

அதே கூட்டத்தில் 1882ல் பிறந்த வக்கீல் ஏ. பி. சேலம் வேறு வழி பிடித்தார். (சேலம் என்பது அவர் பெயர், நம் ஜில்லாவுக்கு அவர் உறவல்ல!) கொச்சி சட்டசபையில் அங்கம் வகித்தவர், 1929 லாகூர் காங்கிரசுக்கும் போனவர். தனிக் கோயில் வேண்டாம், இதிலேயே சம இடம் வேண்டும் என்று தம் ஜெபாலயத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார். 1924ல் வைக்கம் தெருவில் நடந்த கிளர்ச்சியின் நியாயமும் இதுவே. சாமியே வேண்டாம் என்கிற நாம் இதை ஏன் ஆதரிக்க வேண்டும் என்றால், அங்கே கேட்கப்பட்டது சாமியல்ல, சக மனிதன் பக்கத்தில் உட்காரும் உரிமை. உட்கார்ந்த பிறகு கும்பிடுவதும் கும்பிடாததும் அவனவன் அறிவைப் பொறுத்தது.

தடைகள் படிப்படியாகத்தான் தளர்ந்தன. 1950ல்கூட ஒரு வெள்ளை யூதப் பெண்ணும் விடுவிக்கப்பட்டோர் வீட்டுப் பிள்ளையும் மணந்துகொள்ளப் பம்பாய்க்குப் போகவேண்டியிருந்தது. அதற்குள் இஸ்ரேல் ஏற்பட்டு, 1950களில் கொச்சி யூதரில் பெரும்பாலோர் கப்பலேறியும் விமானமேறியும் போய்விட்டார்கள். இன்று பரதேசி ஜெபாலயத்தார் அவ்வூரில் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவர். பத்து ஆண்களுக்கு வெளியூர்ப் பயணிகளை எதிர்பார்க்கின்றார்கள். மற்றபடி, பார்வை நாட்களில் சீட்டு வாங்கியவர் எவராயினும், என்ன ஜாதியென்று கேட்பாரில்லாமல் உள்ளே போய் வரலாம்.