பழைய சோறும் சீம்பாலும்

தஞ்சாவூர் பக்கம் இப்போது பழைய சோற்றுக்குத் தனி மவுசு. விடியற்காலையில் வயலுக்குப் போகிறவர்கள் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்த நீராகாரம், இன்று ஓட்டல் மெனுவில்! காரணம் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அதுல நல்ல பாக்டீரியா இருக்கு."

சரிதான். ஆனால் அது பாதிக் கதை.

உள்ளே போகும் பாக்டீரியா எல்லாம் குடலில் தங்கிவிடுவதில்லை. யார் தங்கலாம், யார் கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்வதில் குடல் சுவரில் உள்ள நோய் எதிர்ப்பு செல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவை தயாரிக்கும் ஐஜிஏ என்ற புரதம் தினமும் சில கிராம் குடலுக்குள் சுரக்கிறது. அது பெரும்பாலும் கிருமியைக் கொல்வதில்லை. மேலே போர்த்திக்கொண்டு, சுவரில் ஒட்டவிடாமல் வெளியே அனுப்பிவிடுகிறது.

பிறந்த குழந்தையின் குடலில் இந்தக் காவல் இன்னும் தொடங்கியிருக்காது. அதைக் கொடுப்பது தாய்ப்பால். தாயின் குடலில் பழகிய செல்களே மார்புக்கு இடம் பெயர்ந்து பாலில் ஐஜிஏவைச் சேர்க்கின்றன. அந்த ஊர்த் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் உள்ள கிருமிகளை அடையாளம் தெரிந்த செல்கள் அவை. ஒரத்தநாட்டுத் தாயின் பாலில் ஒரத்தநாட்டுக் கிருமிக்கான காவல் இருக்கிறது. எந்தப் பவுடர் டின்னில் இது கிடைக்கும்?

2014-ல் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் பார்த்தார்கள். பாலில் ஐஜிஏ கிடைக்காத குட்டிகளின் குடல் பாக்டீரியா, வளர்ந்த பிறகும் வேறு மாதிரியே இருந்தது.

இந்த ஐஜிஏ மிக அதிகமாக இருப்பது சீம்பாலில். ஆனால் இன்னும் சில வீடுகளில் "மஞ்சளா இருக்கு, செரிக்காது" என்று அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கிறார்கள். "பால் ஊறலையே" என்பது அடுத்த காரணம். முதல் நாளில் சில ஸ்பூன்தான் சுரக்கும். குழந்தையின் வயிற்றுக்கு அதுவே போதும்.

வேடிக்கை என்னவென்றால், மாடு கன்று போட்டால் அதே வீட்டில் சீம்பாலை வெல்லம், ஏலக்காய் போட்டுக் காய்ச்சி, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து அனுப்புவார்கள்!

பாட்டிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் அன்பால்தான் செய்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து விவரம் சொல்ல வேண்டியது படித்த பேரன் பேத்திகள். பிறந்த 1 மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள் என்று மருத்துவமனைச் சுவர் சொல்வதைவிட வீட்டுப் பிள்ளை சொன்னால் எடுபடும்.

பழைய சோற்றைக் கொண்டாடட்டும், தப்பே இல்லை. முதல் சொட்டைக் கொட்டிவிட்டு மற்றதைக் கொண்டாடி என்ன பயன்?