தன் விடைத்தாளைத் தானே திருத்தலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"சிறைக்குள் கஞ்சா பறிமுதல்" என்று பேப்பரில் அடிக்கடி வருகிறது. படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். இந்த முறை என்னால் அப்படிப் போக முடியவில்லை. என்னிடம் படித்தவர்களில் சிறைக்காவலராக வேலை பார்ப்பவரும் உண்டு. அடிதடி வழக்கில் விசாரணைக் கைதியாகச் சில மாதம் உள்ளே இருந்தவனும் உண்டு. "போகும்போது பீடிகூடத் தொட மாட்டான் டீச்சர். இப்ப கஞ்சா இல்லாம தூங்க மாட்டேங்கிறான்" என்று அவன் அம்மா சொன்னார். அந்த இடத்தில் கஞ்சா அவனுக்கு எப்படிக் கிடைத்தது?

புழல், வேலூர், கோவை, மதுரை, பாளையங்கோட்டை என்று நம் மாநிலத்தில் ஆண்களுக்கு 9 மத்திய சிறைகள் இருக்கின்றன. உள்ளே பொருள் போகும் வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். பந்துக்குள் வைத்து மதிலுக்கு மேல் எறிவார்கள். மனு பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருவார்கள். கோர்ட்டுக்குப் போய்த் திரும்பும் கைதி உடம்புக்குள் மறைத்து வருவார். இவற்றையெல்லாம் சோதனை போட்டுத் தடுக்கலாம். நாலாவது வழி, சோதனை போட வேண்டியவரே உடந்தையாக இருப்பது. அதை விசாரணையால் மட்டும்தான் கண்டுபிடிக்க முடியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1894ஆம் ஆண்டு சிறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவில், தடை செய்த பொருளை உள்ளே கடத்தினால் 6 மாதம் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 200 ரூபாய்! ஆனால் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 59ஆம் பிரிவு கடுமையானது. போதைக்கு அடிமையானவரையோ, அந்த வழக்கில் சிக்கியவரையோ காவலில் வைத்திருக்கும் பொறுப்பில் உள்ளவர் தெரிந்தே துணைபோனால் 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல். ஒரே நிபந்தனை, அரசு முன்அனுமதி தந்தால்தான் நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ள முடியும்.

துறை விசாரணை எப்படி நடக்கும் என்று அரசு வேலையில் இருந்த நமக்குத் தெரியும். மெமோ, 17(பி), பணியிடை நீக்கம், பிறகு இடமாற்றம். பெரும்பாலும் மாட்டுவது கடைசிப் படியில் நிற்பவர்.

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு நான் அறைக் கண்காணிப்பாளராகப் போயிருக்கிறேன். என் பள்ளிக்கு அல்ல, வேறு பள்ளிக்கு. விடைத்தாளைத் திருத்துவதும் வேறு ஊர் ஆசிரியர்கள்தான். எங்களை யாரும் திருடர்கள் என்று நினைத்து அப்படிச் செய்யவில்லை. முடிவை ஊர் நம்ப வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். சிறைத்துறைக்கும் அதே ஏற்பாடு ஏன் கூடாது?

2024ல் வேலூர் மத்திய சிறையில் என்ன நடந்தது? ஆயுள் கைதி ஒருவரை அதிகாரி வீட்டில் வேலை வாங்கி, திருட்டுப் பழி போட்டு அடித்ததாகப் புகார். அது போதைப்பொருள் விவகாரம் இல்லை. ஆனால் அவருடைய தாயார் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் சிபிசிஐடி வழக்குப் பதிவு செய்தது, உயர் அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். குற்றம் உண்மையா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். வெளியிலிருந்து ஒருவர் கேட்டால்தான் உள்ளே கதவு திறக்கிறது என்பது மட்டும் தெளிவு.

"வெளியாள் விசாரித்தால் ஊழியர்களின் மனஉறுதி குலையும்" என்பார்கள். நேர்மையாக வேலை பார்ப்பவருக்கு அதனால் என்ன நஷ்டம்? நாலு பேர் செய்கிற தப்புக்கு நானூறு பேர் தலைகுனிவதுதான் இப்போது நடக்கிறது.

ஆகவே நான் கேட்பது மூன்று. ஊழியர் மீது புகார் வந்தால் சிறைத்துறைக்கு வெளியே உள்ளவர் விசாரிக்க வேண்டும், முடிவை வெளியிட வேண்டும். தகவல் சொல்லும் காவலரைப் பழிவாங்கக் கூடாது. அடிமையான கைதிக்கு உள்ளேயே முறையான சிகிச்சை வேண்டும். வாங்க ஆள் இருக்கும்வரை விற்க ஆள் இருப்பான்.

தண்டனை என்று நீதிபதி எழுதுவது சில வருடச் சிறை. போதைப் பழக்கத்தை எந்த நீதிபதியும் எழுதுவதில்லை.

காவல்துறையிலும் வக்கீல் தொழிலிலும் இருக்கிற என் பிள்ளைகளே, நான் சொன்னதில் மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்