ஞாயிறு பின்னேரம் யாருக்கு?

சனி, ஞாயிறு நாட்களில் வீட்டில் சும்மா இருப்பதைச் சோம்பல் என்று சிலர் சொல்கின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் அடைபட்டிருந்த எமது மக்களுக்கு வேலையும் இருக்கவில்லை, ஓய்வும் இருக்கவில்லை. தண்ணீருக்கு வரிசை, சோற்றுக்கு வரிசை, ஞாயிறும் வரிசையே.

2012 செப்ரெம்பரில் அம்முகாம் மூடப்பட்டபோதும் கேப்பாபுலவு மக்கள் தம் ஊருக்குப் போகவில்லை. சீனியாமோட்டைக் காட்டில் குடியமர்த்தப்பட்டனர். 2017இல் வீதியோரம் இருந்து போராடியே காணியில் ஒரு பகுதியை மீட்டனர். காணி என்றால் வயல், தோட்டம், வருமானம் என்றே திட்ட அறிக்கைகள் பேசும். மரநிழலில் பாய் விரித்துப் படுக்கவும், சொந்தக் கிணற்றில் ஆறுதலாகக் குளிக்கவும், அயலவரைக் கூப்பிட்டு ஒடியற்கூழ் காய்ச்சிக் குடிக்கவும் அதே காணிதான் வேண்டும். இதை எந்த அறிக்கையில் எழுதுவது?

ஆகவே கிராமங்களில் பணியாற்றும் நிறுவனங்களிடம் (பங்குச் சபைகளும் இதில் அடங்கும்) ஒன்று கேட்கிறோம். கடன் கூட்டத்தையும் பயிற்சி வகுப்பையும் ஞாயிறு பின்னேரத்தில் வைக்காதீர்கள். தாய்மாரே, அழைப்பு வந்தால் "இன்று வீட்டில் நிற்கிறோம்" என்று நீங்களும் தயங்காமல் சொல்லுங்கள். வரவுப் புத்தகத்தில் கையொப்பத்தைத் திங்கட்கிழமை இடலாம்.