பொங்கல் கோப்பையைத் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு

சாவகச்சேரி வாழ் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு,

தை பிறக்க இன்னும் நான்கு நாள். அதற்குள் வட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி சுற்றத் தொடங்கிவிட்டது: அயல்வீட்டுப் பொங்கலை வாங்காதீர்கள், வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்வோம். முற்றத்தை மெழுகிக் கோலம் போட்டு, பால் பொங்கியதும் சூரியனுக்குப் படைப்பது வணக்கம். அதில் நாங்கள் சேர முடியாது. "பொங்கலில் மதமே இல்லை, வெறும் பண்பாடுதான்" என்று எங்களில் சிலர் சமாதானம் சொல்வது அயலவரின் நம்பிக்கைக்குச் செய்யும் மரியாதையும் இல்லை. படையலில் வைத்ததை உண்ணாமல் பேணுகிறவர் பேணட்டும். ஆனால் எங்கள் ஒழுங்கையில் படைக்க முதலே எங்களுக்கென்று வேறாக எடுத்து மூடி வைக்கிற வீடுகள் உண்டு. எங்கள் மார்க்கத்தை அவர்கள் அவ்வளவு கவனிக்கிறார்கள். அந்தக் கோப்பையையுமா திருப்புவது?

அதில் என்ன இருக்கிறது? சிவப்புப் பச்சையரிசி, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், சர்க்கரை, கஜு, பிளம்ஸ். 1990க்கு முன்னர் இந்தச் சாமான்களை எங்கள் வாப்பாமார் கடையில் நிறுத்து விற்றார்கள். விற்ற காசு ஹலால், அதே சாமானில் சமைத்த சோறு மட்டும் ஹராமா?

இந்த மண்ணில் ஆறு இல்லை. ஆவணி, புரட்டாதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். தைப்பொங்கலன்று தென்மராட்சி வயல்களில் அரைவாசிக் கதிர் இன்னும் நிலத்தில்தான் நிற்கும். அதனால்தான் தைப்பூசத்தில் கொஞ்சக் கதிர் அறுத்துவந்து புத்தரிசி சமைக்கும் 'புதிர்' என்று இன்னொரு நாள் இருக்கிறது. மழை பொய்த்தால் இரண்டும் இல்லை.

விளைச்சலுக்கு நன்றி சொல்வது எங்களுக்குப் புதிதா? அறுவடை நாளிலேயே அதன் கடமையைக் கொடுக்கச் சொல்வது சூரத்துல் அன்ஆமின் 141ஆவது வசனம். மழையில் விளைந்தால் பத்திலொன்று, இறைத்து விளைந்தால் இருபதிலொன்று. விளைச்சல் ஐந்து வஸக்கை எட்டினால் கடமை. முசலியிலும் அக்கரைப்பற்றிலும் எங்கள் உறவினர் மூட்டை மூட்டையாக நெல் அடிக்கிறார்கள். உஷ்ர் கொடுத்தீர்களா என்று எந்த வட்ஸ்அப் செய்தியும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. கோப்பையைத் திருப்ப ஒரு விரல் போதும், பத்திலொன்றை அளக்க மரைக்கால் வேண்டும்!

மற்றப் பக்கத்துக்கும் ஒரு சொல். "உங்களுக்கு ஏன் பொங்கல், வயலா இருக்கு?" என்று ஆசிரியர் அறையில் சிரித்துக்கொண்டே கேட்டவருக்கு: 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் எங்களை வெளியேற்றியபோது எங்கள் வயதுக்காரர் கைக்குழந்தைகள், பலர் பிறக்கவேயில்லை. புத்தளம் முகாம்களில் நிவாரண அரிசியில் வளர்ந்தோம். ஊர் திரும்பி வந்தபோது முதலில் சோறு தந்தது அயல்வீட்டு அம்மாதான்.

அவர் இந்த வருடமும் அனுப்புவார். நாங்கள் வாங்குவோம். வெறுங்கோப்பையைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் உம்மாமாரின் வழக்கமில்லை. பெருநாள்வரை காத்திராமல் அன்று பின்னேரமே வட்டிலப்பம் போகும்.