காது பொத்தும் பிள்ளை

தொல்காப்பிய மரபியலைப் பல்லாண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். ஓரறிவுயிர் தொடங்கி ஆறறிவு மாந்தர் ஈறாக உயிர்களை வகுக்கும் அவ்விடத்தில், உற்றறிதலை முதலாவதாகவும் செவியறிவை ஐந்தாவதாகவும் ஆசிரியர் வைத்த முறையை வியந்து பேசாத ஆண்டில்லை. ஆயின், ஓர் அறிவு எல்லார்க்கும் ஒரே அளவினதாய் அமைவதில்லை என்பதை நமக்குக் கற்பித்தவன், இன்னும் நான்கு சொற்களைச் சேர்த்துப் பேசாத நம் ஐந்து வயது மகனே.

அவனுக்கு ஆட்டிசம் உண்டு. 'மதியிறுக்கம்' என்று தமிழில் எழுதுகின்றனர். இச்சொல் நமக்கு உவப்பன்று. அவன் மதி இறுகிக் கிடக்க நாம் கண்டதில்லை; அளவுக்கு மீறித் திறந்து கிடக்கும் பொறிகளே அவனை வருத்துகின்றன. சட்டைக் கழுத்தின் உட்புறம் தைத்த சிறு துணிச்சீட்டு அவனுக்கு முள். மிக்சி ஓடினால் இரு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுவான். நம் செவிக்கு எட்டாத குழல்விளக்கின் முனகல் அவனுக்கு எட்டும். அதே பிள்ளை, அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு அரைமணி நேரம் அளைந்துகொண்டிருப்பான். சுடுபாத்திரம் பட்டு விரல் கொப்புளித்தும் அழாது நின்ற நாளும் உண்டு. மிகுதியும் குறைவும் ஒருவனிடத்திலேயே! இப்புலனுணர்வு வேறுபாட்டை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட தன் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

இவற்றையெல்லாம் அறியாதிருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல நாணுகிறோம். எனினும் சொல்லியாக வேண்டும். அவனுக்கு மூன்று வயது. நோன்புப் பெருநாளன்று கஞ்சியிட்ட புதுச் சட்டை அணிவித்து, அத்தர் பூசி, தொழுகைத் திடலுக்கு அழைத்துச் சென்று, ஒலிபெருக்கிக் குழாயின் நேர்கீழே நிறுத்தினோம். தக்பீர் முழங்கியதும் பிள்ளை தரையில் விழுந்து புரண்டு சட்டையைக் கிழித்தான். "தம்பி, செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க. ரெண்டு போட்டா அடங்குவான்" என்றார் பெரியவர் ஒருவர். நாம் போட்டோம். அவர்மீது பழியில்லை, கை நம்முடையது.

வீட்டில் பழி வேறு திசையில் பாய்ந்தது. பெற்றவள் சரியாக வளர்க்கவில்லை என்றனர். தாயின் அன்பின்மையே காரணம் என்று புருனோ பெட்டல்ஹைம் 1967இல் நூலெழுதினார். அதற்கு மூன்றாண்டு முன்னரே, ஆட்டிசமுள்ள மகனின் தந்தையும் உளவியலறிஞருமான பெர்னார்ட் ரிம்லண்ட், காரணம் உடற்கூற்றில் உள்ளது என வாதிட்டு நூல் வெளியிட்டிருந்தார். அறிவுலகம் அப்பழியை எப்போதோ கைவிட்டது. நம் திண்ணைகள் இன்னும் கைவிடவில்லை. ஓதிப் பார்க்க ஊர் ஊராய் அழைத்துப் போகச் சொன்னார்கள். இரண்டு ஊர் போனோம். பேருந்தின் இரைச்சலிலும் டீசல் நாற்றத்திலும் பிள்ளை வாந்தியெடுத்ததே மிச்சம்.

பயிற்சியளிக்கும் அம்மையார் ஒருவர் கேட்டது ஒன்றே: பதினைந்து நாள், அழுகைக்கு முந்திய ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது என எழுதி வாருங்கள். எழுதினோம். அடம் என்று நாம் நினைத்த இடத்திலெல்லாம் ஓர் ஓசையோ, ஒரு துணியோ, ஒரு நெடியோ இருந்தது. அடம்பிடிக்கும் பிள்ளை கேட்டது கிடைத்ததும் நிறுத்தும். வலிக்கும் பிள்ளை எதைக் கொடுத்தாலும் நிறுத்தாது. இவ்வேறுபாட்டை அறிய நமக்கு இரண்டாண்டு ஆயிற்று.

துணிச்சீட்டுகளை வெட்டினோம். புதுச் சட்டையை ஐந்தாறு முறை துவைத்த பின்னரே அணிவிக்கிறோம். மிக்சியைப் போடுமுன் அவனிடம் கைகாட்டிச் சொல்கிறோம். கதவை அவனே சாத்திக்கொள்வான். காதுக் கவசம் ஒன்று வாங்கினோம். திருமணங்களில் நிக்காஹ் முடிந்ததும் விடைபெறுகிறோம். 'பேராசிரியருக்குத் தலைக்கனம்' என்னும் பேச்சும் காதில் விழுகிறது. விழட்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது; அரசு ஏற்புபெற்ற பள்ளிகள் இப்பிள்ளைகளைச் சேர்த்து, ஏற்ற வசதி செய்து தர வேண்டும் என்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என வரம்பிட்டன. திருமண மஹாலின் ஒலிபெருக்கி அதை எண்ணிப் பார்த்ததாய்த் தெரியவில்லை. சட்டம் கிடக்கட்டும். தொழுகையை நீட்ட எண்ணி நின்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பிள்ளையின் அழுகுரல் கேட்டால் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள் என்பதை நம் பெரியவர்கள் அறியாதவர்கள் அல்லர். அவர்கள் பிள்ளையை வெளியே கொண்டுபோகச் சொல்லவில்லை.

சென்ற பெருநாளில் பின்வரிசை மூலையில் நின்றோம். பழஞ்சட்டையும் காதுக் கவசமுமாக மகன் இரண்டு ரக்அத்தும் நம் அருகிலேயே இருந்தான்; குத்பா தொடங்கியதும் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போய்விட்டான். அடுத்த பெருநாளுக்குள், அம்மூலையை நோக்கிய ஒரு குழாயை மட்டும் வேறு பக்கம் திருப்பி வைக்குமாறு ஜமாஅத் செயலரிடம் கேட்டிருக்கிறோம். மைக்செட்காரரைக் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.